முதுநகர்க்காரியின் தூக்கம்

பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்கிறது. நகை, சொந்த வீடு, அடுத்தவர் பிள்ளையின் மார்க்கு. நான் பொறாமைப்பட்டது ஒருத்தியின் தூக்கத்தைப் பார்த்து. அதுவும் என் தோளில் தலையைச் சாய்த்து, தலையில் வைத்த பூ என் புடவையில் நசுங்க, வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து.

2005இல் எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. அரசாங்க ஆபீஸ், இளநிலை உதவியாளர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். முதலில் ரயிலில் போய்வந்தேன். பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், வருஷக்கணக்கில் ரயிலே கிடையாது. பஸ்தான் கதி. டீச்சர், நர்ஸ், என்னைப் போல ஆபீஸ் வேலை என்று தினமும் அந்த பஸ்ஸில் போகிற பெண்கள் ஒரு கூட்டமே இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறவர்கள் வழியில் ஏறுகிறவர்களுக்கு இடம் போட்டு வைக்க வேண்டும். அது எங்களுக்குள் இருந்த வழக்கம். என் பங்குக்கு வந்தவள் முதுநகர் நிறுத்தத்தில் ஏறுகிறவள். என் ஆபீஸ், என் பக்கத்து நாற்காலி. வயதில் என்னைவிடச் சின்னவள், அதனால் அக்கா என்பாள். சர்வீஸில் எனக்கு மூத்தவள், அதனால் அவளை நான் ஒன்றும் சொல்ல முடியாது. மனசுக்குள் முதுநகர்க்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

அவளுடைய தூக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் என்னுடைய காலைநேரத்தைச் சொல்ல வேண்டும். கண் திறந்ததுமே நெஞ்சு படபடக்கும். குழாயில் தண்ணீர் வரும், பிடிக்க வேண்டும். பால் பொங்கும். மகளுக்கு இரட்டைப் பின்னல் போட வேண்டும், ரிப்பன் ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது. மாமியாருக்குக் காரம் இல்லாமல் தனியாக ஒரு சட்னி. கணவருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. ஹெல்மெட்டிலிருந்து கர்ச்சீப் வரை கையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அப்படி ஒரு பொருள் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியும். இதில் எதுவுமே பெரிய வேலை இல்லை. ஒவ்வொன்றாகச் செய்தால் முடிந்துவிடும். ஆனால் எனக்கு அவை ஒவ்வொன்றாக வராது. எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக எதிரே வந்து நிற்கும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுவிடுவேன், கால் நகராது. 2008க்கு மேல் கரண்ட் கட்டும் வந்து சேர்ந்துகொண்டது. மிக்ஸி ஓடுகிற நேரத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

எப்படியோ முடித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்த பிறகு கேஸ் நினைப்பு வரும். ரெகுலேட்டரை மூடினேனா? வீட்டுக்குப் போன் போடுவேன்.

“அத்த, கேஸ் மூடியிருக்கா, கொஞ்சம் பாருங்க.”

“எல்லாம் மூடித்தான் கெடக்கு. நீயும் வாய மூடிக்கிட்டுப் போயி வேலையப் பாரு.”

அப்போதும் மனசு அடங்காது. மாமியார் எழுந்துபோய்ப் பார்த்துச் சொன்னாரா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாரா என்று ஆலப்பாக்கம் வரைக்கும் யோசித்துக்கொண்டு போவேன்.

இந்த லட்சணத்தில் இருக்கிற நான்தான் அவளுக்கு இடம் பிடிக்க வேண்டும். பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தால், ஏறுகிற ஆள் ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஆள் வருது என்பேன். எங்க வருது, எப்ப வருது என்று சண்டைக்கு வருவார்கள். கண்டக்டர் முறைப்பார். ஒருநாள் குறிஞ்சிப்பாடி பக்கத்து அம்மா ஒருத்தர் சீட்டை நான் பட்டா போட்டு வாங்கியிருக்கிறேனா என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தார். இவ்வளவும் வாங்கிக் கட்டிக்கொண்டு முதுநகர் வந்தால், அவள் ஏறுவாள். இஸ்திரி கலையாத காட்டன் புடவை, வியர்வை இல்லாத முகம், தலையில் அன்றைய பூ. என் பையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு உட்காருவாள். “தேங்ஸ்க்கா” என்பாள். சிப்காட் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.

அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. பஸ் குழியில் இறங்கி ஏறும், டிரைவர் ஹாரனை விடமாட்டார், பின்னால் ஒரு குழந்தை தொண்டை கிழிய அழும். அவள் தலை என் தோளை விட்டு நகராது. நான் விறைப்பாக உட்கார்ந்து, மகள் வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாளா, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதா, ஆபீஸில் நேற்று விட்டுவந்த ஃபைல் எங்கே என்று போட்டு உழன்றுகொண்டிருப்பேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் அவளை எழுப்புவது என் வேலை. “வந்துடுச்சாக்கா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தைபோல எழுந்திருப்பாள். ஆபீஸில் போய் உட்கார்ந்தால் மளமளவென்று வேலையைப் பார்ப்பாள். நானோ ஒரு கடிதத்தை மூன்று தடவை படித்தும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

மதியம் இன்னும் மோசம். அவள் டப்பாவைத் திறப்பாள். ஒருநாள் கத்தரிக்காய் கொத்சு, ஒருநாள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், அடியில் வாழையிலை நறுக்கு வேறு. என் டப்பாவில் காலையில் அவசரத்தில் கிண்டிய ஏதோ ஒன்று இருக்கும், உப்பு இருந்தால் புளி இருக்காது. அவளுக்கும் கணவன், மாமியார், இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டுக் குழாயிலும் விடிகாலையில்தான் தண்ணீர் வரும். அதே இருபத்துநாலு மணி நேரத்தில் இவள் மட்டும் எப்படி வாழையிலை நறுக்குகிறாள்? சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். அவள் சாவகாசமாகக் கோயிலுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவாள். நடராஜர் மீதே எனக்குக் கோபம் வரும், இவளுக்கு மட்டும் எதற்கு இவ்வளவு நிம்மதியைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். “எப்படிம்மா உன்னால தூங்க முடியுது? வீட்டு நெனப்பு வராதா?”

“வரும்க்கா. கண்ண மூடிட்டா போயிடும்.”

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, கேஸ் அடுப்பு நீல நிறத்தில் எரிவது.

படபடப்பு அதிகமாகி ஒரு டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, டென்ஷன் எடுத்துக்காதீங்க என்றார் டாக்டர். எடுத்துக்கொள்வதற்கு அது என்ன தட்டில் வைத்த பஜ்ஜியா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டில் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். “இந்த வருஷம் கடலூருக்கு மாறுதல் வாங்கப் பாரு. கெடைக்கலன்னா பேசாம வேலைய விட்டுடு. ஒடம்புதான் முக்கியம்.” நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த வேலை ஒன்றுதான் இந்த உலகத்தில் நானாகப் படித்து, நானாகப் பரீட்சை எழுதி, யாரும் எனக்கு வாங்கித் தராமல் எனக்குக் கிடைத்தது. அதை விட்டுவிட்டால் அப்புறம் நான் என்பது அந்தக் கரண்டிதான். அந்த பயம் மற்ற எல்லா பயத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

2009 கோடையில் மஞ்சக்குப்பம் ஆபீஸில் ஓர் இடம் காலியானது. என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மனு போட்டேன். போட்ட அன்றே தெரியும், இது எனக்குக் கிடைக்காது என்று. மாறுதலில் சர்வீஸ்தான் கணக்கு. முதுநகர்க்காரி கேட்டால் அவளுக்குத்தான் போகும். முதுநகரும் கடலூர்தானே, அவளுக்கும் பஸ் அலைச்சல் மிச்சம். அவள் கேட்காமலா இருப்பாள்?

“மனு போட்டாச்சாக்கா?” என்று ஒருநாள் பஸ்ஸில் அவளே கேட்டாள்.

“போட்டாச்சு. நீ?”

அவள் சிரித்தாள். தலையை என் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளி, சொல்லுகிறாளா பார், என்று நினைத்தேன். தூக்கம் அவளுக்கு, கொத்சு அவளுக்கு, கோயில் அவளுக்கு, இப்போது மஞ்சக்குப்பமும் அவளுக்கு. சிதம்பரம் வரைக்கும் அவள் தலையைச் சுமந்துகொண்டே அவளைத் திட்டினேன். அடுத்த சில வாரங்கள் கனவில்கூட அவள் மஞ்சக்குப்பம் ஆபீஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்டர் என் பெயருக்கு வந்தது.

நம்ப முடியாமல் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன், அவளுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக. தோற்றவளுக்கு அதுகூடச் செய்யவில்லை என்றால் எப்படி? அவள் என் கையைப் பிடித்து, “நல்லா இருங்கக்கா” என்றாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. பாவம், ஆசைப்பட்டாள், கிடைக்கவில்லை என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ஒருநாள் என் பொறாமைக்கு லீவு கொடுத்தேன்.

மஞ்சக்குப்பம் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் நன்றாகத்தான் போனது. காலையில் ஓட்டம் இல்லை, பஸ் இல்லை. அதற்குப் பிறகு வீடு என்னைக் கண்டுகொண்டது. நான் சிதம்பரம் போன காலத்தில், நான்கு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் காலைச் சோற்றை மதியம் சாப்பிட்ட என் மாமியாருக்கு, மதியம் சூடாகச் சோறு வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. “பக்கத்துலதான இருக்க, வந்து ஒரு கைப்பிடி வடிச்சிட்டுப் போயேன்.” கேஸ் சிலிண்டர் வந்தால் எனக்குப் போன். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு வயிற்றுவலி என்றால் எனக்குப் போன். கரண்ட் பில் கட்டுவது, செருப்பு தைக்கக் கொடுப்பது, கணவரின் வண்டி இன்ஷூரன்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான், பக்கத்துலதானே.

திங்கட்கிழமை வந்தால் கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். மாவட்டத் தலைநகரில் வீடு வைத்திருப்பதன் வினை அன்றைக்குத் தெரியும். குறிஞ்சிப்பாடியிலிருந்து கணவரின் சித்தப்பா வழியில் ஒருவர், மங்கலம்பேட்டையிலிருந்து மாமியாரின் தங்கை பிள்ளை, பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு. மருமகள் கவர்மெண்ட் ஆபீஸ், பக்கத்திலேயே இருக்கிறாள், மனு எழுதிக் கொடுப்பாள், கூட வந்து வரிசையில் நிற்பாள், மதியம் சோறும் போடுவாள். இந்த சேவைக்கெல்லாம் என் மாமியார் என்னைக் கேட்காமலேயே என் சார்பில் வாக்குக் கொடுத்திருப்பார். நான் மனு எழுதி அவர்களுக்குச் சோறு போட்டு ஆபீஸுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவேன்.

படபடப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒருநாள் மதியம் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில், ரோட்டோரம் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. சோறு வடிக்கப் போகிறேனா, வடித்துவிட்டு வருகிறேனா? பழக்கடைக்காரர், “என்னாம்மா, மயக்கமா?” என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்கார்ந்து அழுதேன். பேசாமல் வேலையை விட்டுவிடலாம் என்று முதல் தடவையாக நானே நினைத்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், வந்திருந்த விருந்தாளிக்கு மீன் வேண்டும் என்று மாமியார் என்னை முதுநகருக்கு அனுப்பினார். துறைமுகத்துப் பக்கம் மீன் வாங்கிக்கொண்டு, பையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ரோட்டுக்கு வந்தேன். நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். அதே இஸ்திரிப் புடவை, அதே பூ. என் புடவையில் செதில் ஒட்டியிருந்தது.

“அக்கா, எப்படி இருக்கீங்க? என்னாக்கா இப்படி எளச்சிட்டீங்க?”

அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. எங்கள் துறையில் மனமொத்த மாறுதல் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். நான் சிதம்பரத்துக்குப் போகிறேன், இவள் மஞ்சக்குப்பத்துக்கு வரட்டும். இவளும் ஆசைப்பட்ட இடம்தானே. ஏதோ வரம் கொடுக்கிற தோரணையில் சொன்னேன்.

“என் எடத்த எடுத்துக்கறியா? மனமொத்த மாறுதல்ல வந்துடு. நான் திரும்பச் சிதம்பரத்துக்கே போயிடறேன்.”

“ஐயோ, வேணாம்க்கா” என்றாள்.

“ஏன்? அன்னிக்குக் கெடைக்கலன்னு வருத்தப்பட்டியே.”

“நான் எங்கக்கா கேட்டேன்? நான் மனுவே போடலியே.”

“போடலியா? ஏன்?”

“கேட்டா கெடைச்சிடும்க்கா. நான்ல சீனியர்.”

எனக்குப் புரியவில்லை. புரியாத முகத்தைப் பார்த்து அவளே குரலைத் தணித்துச் சொன்னாள்.

“வீட்ல வருஷா வருஷம் போட்டேன், தரமாட்டேங்குறாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். புள்ள அம்மாந்தூரம் போயி வருதேன்னு எங்க மாமியார்தான் தண்ணி புடிப்பாங்க, டிபன் கட்டுவாங்க. உள்ளூருக்கு வந்தா அந்த டிபன நான்ல கட்டணும்? பஸ்ஸு ஏறினதும் போன ஆஃப் பண்ணிடுவேன். கேட்டா டவர் இல்லம்பேன். அந்த ஒன்றர மணி நேரம் என்னை யாராலயும் கூப்புட முடியாதுக்கா. அதான் தூங்குறேன். அத எப்படிக்கா வுட்டுக் குடுப்பேன்?”

“அப்ப நான் ஆர்டர் வாங்கினப்ப கண்ணு கலங்கினியே?”

“ஆமா. நமக்கு இனிமே யாரு எடம் போட்டு வைப்பான்னு.”

பஸ் வந்தது. ஜன்னல் வழியாக யாரோ ஒரு புதுப்பெண், ஏதோ பள்ளிக்கூடத்து டீச்சர் போல, அவளைப் பார்த்துக் கையாட்டினாள். பக்கத்து சீட்டில் பை இருந்தது. இவள் ஏறி, பையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பஸ் கிளம்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. நான் மீன் பையோடு ரோட்டில் நின்று பார்த்தேன். வருஷக்கணக்கில் அதே பஸ்ஸில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே ஒன்றரை மணி நேரம் எனக்கும் கிடைத்திருக்கிறது. அதை வாட்டர் பாட்டிலை நினைத்தே கரைத்தேன். அவள் அது என்ன என்று தெரிந்து அனுபவித்தாள். தூக்கத்துக்குப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அவளுடைய புத்திக்கு நான் பட்ட பொறாமை வேறு தினுசு, அதில் மரியாதையும் கலந்திருந்தது, அதனால் இன்னும் அதிகமாகக் கசந்தது.

அவள் இல்லாவிட்டால் என்ன? சிதம்பரம் ஆபீஸில் புதிதாகக் கல்யாணமான கடலூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஊருக்கு வர வழி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். கேட்ட உடனே கையெழுத்துப் போட்டார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம் என்றார். போகப் போகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளை, அவருக்குத் தெரியவே வேண்டியிருக்காது என்று பிறகு தோன்றியது. அதற்கும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். “மறுபடியும் சிதம்பரத்துக்கே தூக்கிப் போட்டுட்டாங்க.” அழுகிற முகத்துக்கு எனக்குப் பிரயாசை தேவையில்லை, அது எப்போதும் தயாராக இருக்கும். கணவர் கொதித்தார். ஒரு வருஷம்கூட விட்டுவைக்க மாட்டார்களா, மனசாட்சி இல்லாதவனுங்க என்று எங்கள் துறையையே உலுக்கி எடுத்தார். யாரையாவது போய்ப் பார்க்கலாமா என்றார். “வேணாங்க, அவுங்ககிட்ட எல்லாம் போயி நிக்க வேணாம்” என்று அவசரமாகச் சொன்னேன். “அப்ப வேலைய விட்டுடு” என்று அவர் ஆரம்பித்தபோது என் நெஞ்சு உண்மையாகவே நின்றுபோனது.

மாமியார்தான் குறுக்கே வந்தார். “கவருமெண்டு வேலைய எவனாவது வுடுவானா? சும்மா இருடா. மனு எழுத ஊரே இவளத் தேடிக்கிட்டு வருது.”

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். எனக்கு முன்னால் மாமியார் அங்கே இருந்தார். டம்ளரை நீட்டினார்.

“அம்மாந்தூரம் போவணும், பாவம் நீயி. இதக் குடி. தண்ணிய அவன் புடிப்பான்.”

வாசலில் குழாயடியில் என் கணவர் குடத்தை வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்கு யாரும் காபி போட்டுக் கொடுத்ததில்லை. நின்றபடியே குடித்தேன். டிகாஷன் நன்றாக இறங்கியிருந்தது, சர்க்கரை அளவாக இருந்தது. இந்தக் காபியை முதுநகர்க்காரி எத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.